நிமித்தமும் திருவருளும்

வருவதனை முன்னறிய விழைதல் மக்கட்கு இயல்பு. நாளை நிகழ்வது இன்னதென்று அறியமாட்டாத மாந்தர், தம்மைச் சூழ்ந்துள்ள ஏனை உயிர்களின் ஒலியினையும் செலவினையும் உற்றுநோக்கி, அவற்றின்கண் ஏதேனுங் குறிப்புண்டோ என ஆராயத் தலைப்பட்டனர். அங்ஙனம் கொள்ளப்பட்ட குறிப்பே நிமித்தம் எனப்படும். வடமொழியாளர் இதனைச் சகுனம் என்ப. சகுனம் என்னுஞ் சொற்கு முதற்பொருள் பறவை என்பதே. தமிழிலும் புள் என்னுஞ் சொல் பறவையினையும், பறவையாற் பெறப்படும் நிமித்தத்தினையும் ஒருங்கே உணர்த்தும். பண்டை யவனர் மொழியிலும் பறவைக்குரிய சொல்லே நிமித்தத்திற்கும் ஆயிற்று. உரோமர் மொழியில் நிமித்தம் பார்த்தலைக் குறிக்குஞ் சொல் பறவையை நோக்குதல் என்னும் பொருளிற் பிறந்தது. நிலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட மக்கள் இவ்வொரு கருத்தில் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

இக்கொள்கை சைவநன்மக்கள் முன் ஒரு வினாவை நிறுத்துகின்றது. எல்லாம் இறைவன் திருவருள்வழி நிகழ்வனவாயின், பல்லியின் சொல்லுக்கும் ஆந்தையின் அலறலுக்கும் அடியவர் அஞ்சுதல் பொருந்துமோ? பொருந்தாதெனின், அருளாளர் நிமித்தங் கண்டனர் என்று பெரியபுராணம் கூறுவது என்னை? இவ்வினாவிற்குரிய விடை, நிமித்தம் பற்றிய தமிழ்நாட்டு வரலாற்றினை முறைப்பட நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

வேதத்துள்ளேயே இந்நம்பிக்கையின் தொன்மை காணப்படுகின்றது. இருக்குவேதத்தின் 2-ஆம் மண்டிலத்து 42, 43-ஆம் சூக்தங்கள் நன்னிமித்தம் உரைக்கும் பறவையை நோக்கி வேண்டுவன. 10-ஆம் மண்டிலத்து 165-ஆம் சூக்தம் மனையுட் புகுந்த புறாவினால் விளையுந் தீங்கு நீங்குமாறு வேண்டுவது. பிற்காலத்தே, கி.பி. 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தாம் இயற்றிய பிருகத் சங்கிதையில் காக்கை, நாய், நரி முதலியவற்றின் குரலுக்கும் செலவுக்கும் தனித்தனியே பயன் வகுத்துரைத்தார். ஆயினும் அவரே ஆண்டு ஒரு நுண்பொருளையும் வைத்துள்ளார். முற்பிறவியிற் செய்த நல்வினை தீவினைகள் கனிந்து வருதலைச் சகுனம் வழிச்செல்வோர்க்கு அறிவிக்கும் என்பது அது. இதனால், நிமித்தம் பயனை அறிவிப்பதேயன்றிப் பயனைத் தோற்றுவிப்பதன்று என்பது பெறப்படும். காக்கை தூதனே, அரசன் அல்லன். இவ்வேறுபாடு பின்னர்க் கூறப்படுவனவற்றிற்கு இன்றியமையாதது.

இனித் தமிழ்வழக்கினை நோக்குவோம். திருமயிலையின் தென்பால் மந்தைவெளி என்னும் பகுதி உளது. மயிலையின் ஆனிரைகள் மேய்ந்த வெளியாதலின் அஃது இப்பெயர் பெற்றதென்பர். இக்காலத்தே ஆண்டு மந்தையுமில்லை, வெளியுமில்லை. நெருங்கிய வீடுகளும், தூண்கள்மேற் செல்லும் இருப்புப்பாதையின் நிலையமுமே உள்ளன. பெயர் மட்டும் பழைய நிலையை நினைவூட்டிக்கொண்டு நிற்கின்றது. மந்தை என்பது ஊர்க்குப் புறத்தே ஆனிரைகள் கூடுமிடம். வீட்டின் காவலும் காட்டின் அச்சமும் ஒன்றையொன்று தலைக்கூடும் எல்லை அதுவே. தமிழரது நிமித்தக்கலையின் பெரும்பகுதி இத்தகைய ஊர்ப்புறத்து வெளிகளிலேயே வளர்ந்ததென்பது பண்டை நூல்களால் அறியக்கிடக்கின்றது.

தொல்காப்பியர் புறத்திணையியலுள் வெட்சித்திணைக்குத் துறை வகுக்கின்றுழி, விரிச்சி கேட்டலை ஒரு துறையாக ஓதினார். வெட்சியாவது பகைவர் ஆனிரையைக் கவர்தல். அங்ஙனம் கவரச் செல்லும் மறவர், செல்லுமுன் ஓரிடத்தே அமைந்து நின்று, அயலார் தற்செயலாய்ப் பேசுஞ் சொற்களுள் தம் வினைமுடிவிற்குரிய குறிப்பினைக் கேட்பர். அச்சொல்லே விரிச்சி. பேசுவோர் தாம் பிறர்க்கு நிமித்தங் கூறுகின்றோம் என்று அறியார். அறியாது கூறுதலினாலேயே அச்சொல் மெய்ம்மையுடைத்து என்று கொள்ளப்பட்டது.

இவ்வழக்கின் அழகிய ஓவியம் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதும் 103 அடிகளான் அமைந்ததுமாகிய முல்லைப்பாட்டிற் காணப்படும். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் இயற்றியது அது. அரசன் போர்மேற் சென்றுள்ளான். தேவி பிரிவாற்றாது வருந்துகின்றாள். முதுபெண்டிர் நாழியில் நெல்லும் முல்லைமலரும் கொண்டு மாலைப்பொழுதில் ஊர்ப்புறத்தே சென்று, அவற்றைத் தூவித் தொழுது விரிச்சிக்குச் செவிசாய்த்து நிற்கின்றனர். அவ்வழி, தாய்ப்பசுவைக் காணாது சுழலும் கன்றினை நோக்கி ஆயர்மகள் ஒருத்தி, கோவலர் பின்நின்று செலுத்த நும் தாயர் இன்னே வருவர் என்னுங் கருத்துப்படத் தேற்றுகின்றாள். அச்சொல்லைக் கேட்ட முதுபெண்டிர், நம் தலைவனும் அவ்வாறே மீள்வான் என்று துணிந்து தேவியைத் தேற்றுகின்றனர். கன்றிற்குக் கூறிய ஆறுதல் அரசமாதேவிக்கு ஆறுதலாயிற்று. ஆனிரைகள் மீளும் மாலையில் மந்தைவெளியன்றி வேறெவ்விடத்து இச்சொல் எழுதல் கூடும்!

யவன நாட்டிலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. பாரை என்னும் ஊரின் அங்காடியிடத்தே எர்மேசு என்னுந் தெய்வத்தின் உருவம் ஒன்று இருந்ததென்றும், குறி கேட்போர் அதன் செவியிலே வினாவை மெல்லக் கூறித் தம் செவிகளைக் கைகளாற் பொத்திக்கொண்டு அங்காடியை நீங்கிக் கைகளை எடுத்தவுடன் கேட்கும் முதற்சொல்லையே விடையாகக் கொண்டனர் என்றும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிற் பயணநூல் எழுதிய பௌசானியர் கூறுகின்றார். தமிழர் விரிச்சியும் யவனர் வழக்கமும் ஒன்றினின்றொன்று வந்தன என்று கொள்ள வேண்டுவதில்லை. ஏங்கிய நெஞ்சம் எங்கும் ஒரு தன்மைத்து என்பதே அறியற்பாலது.

புள்ளும் பல்லியும் சங்கச் செய்யுட்களிற் பயின்று வருவன. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையைப் பொருளாகக் கொண்டு குறுந்தொகையின் 210-ஆம் பாட்டைப் பாடிய புலமைச் செல்வியார், அக்காக்கையினாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று வழங்கப்பெற்றார். பிரிந்த தலைவன் மீளுமாறு கரைந்த காக்கைக்கு எத்துணைச் சோறிடினும் சிறிதேயாம் என்பது அப்பாட்டின் கருத்து. நற்றிணையின் 98-ஆம் பாட்டிலோ, தினைப்புனம் மேயவந்த பன்றி பல்லியின் குரல்கேட்டு அஞ்சி மீண்டு செல்கின்றது. விலங்கிற்கும் நிமித்தவுணர்ச்சி ஏற்றிக் கூறுமளவு அந்நம்பிக்கை வேரூன்றியிருந்தது.

இவற்றுள் ஒருபகுதி வெறும் அச்சத்தாற் பிறந்ததன்று, நெடுநாட்பழக்கத்தாற் பிறந்த அறிவு என்பதும் மறத்தற்பாலதன்று. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டிடம் ஏறுதலும், தும்பிகள் தாழப் பறத்தலும் மழைக்குக் குறியென உழவர் கொள்வர். ஈரக்காற்றின் வேறுபாட்டினைச் சிற்றுயிர்கள் மக்களினும் முன்னர் உணர்தல் கூடும். ஆனிரையோடு வாழ்பவர் ஆனின் கண்ணையும் நடையையும் நோக்கி நோயினையும் அச்சத்தினையும் அறிவர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், குடத்திற் பால் உறையாமையும், ஏற்றின் கண்ணில் நீர் சொரிதலும், ஆநிரை நடுங்குதலும் கண்ட மாதரி, வருவதோர் தீங்குண்டு என்று உணர்கின்றாள். அந்நூலின்கண் கோவலன் சிலம்பு விற்கச் செல்லும்பொழுது ஏறு ஒன்று எதிர்ந்து வருகின்றது. அது தீநிமித்தம் என்பதனை அவன் அறிந்திலன். வணிகர் குலத்தார்க்கு அவ்வறிவு இல்லை என்பது இளங்கோவடிகள் குறிப்பு. மந்தையோடு பழகினார்க்கே மந்தையின் மொழி விளங்கும் என்பது இதனாற் போதரும்.

ஆயின், அச்சமே நிமித்தத்தின் முடிவாயின் அது மக்களைச் சிறுமைப்படுத்துவதாக முடியும். பண்டைத் தமிழ்ச் சான்றோர் அதனை அவ்வளவில் நிறுத்தினாரல்லர். தொல்காப்பியர் பாடாண்டிணையுள், நாளும் புள்ளும் பிற நிமித்தமும் நோக்கி அஞ்சுதலையும் உவத்தலையும், தலைவனுடைய நலத்தினை ஓம்பும் கருத்தோடு சேர்த்துக் கூறினார். தன்பொருட்டு அஞ்சுதல் ஒன்று. தன்னால் அன்புசெய்யப்பட்டார்பொருட்டு அஞ்சுதல் பிறிதொன்று. இவ்விரண்டற்கும் இடையேயுள்ள வேற்றுமையே இக்கட்டுரையின் உயிர்நிலை.

புறநானூற்றின் 229-ஆம் பாட்டில், பங்குனித் திங்களில் நள்ளிரவில் ஒரு மீன் வீழக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசனாகிய யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை நோயிலனாதல் வேண்டும் என்று நெஞ்சம் நடுங்கினார். 7-ஆம் நாள் அவ்வரசன் துஞ்சினான். 280-ஆம் பாட்டில், புண்பட்டுக் கிடக்கும் கணவனருகே இருக்கும் மறமகள் தீநிமித்தங்களைக் காண்கின்றாள். முதியவள் கூறிய விரிச்சியும் பொய்க்கின்றது. அந்நிலையினும் அவள் முதற்கண் துடியனையும் பாணனையும் விறலியையும் விளித்து, இனி நீவிர் என்னாவீரோ என்று இரங்குகின்றாள். தன் கைம்மைத்துயரை அதன் பின்னரே நினைக்கின்றாள்.

இனி, நிமித்தத்தினை வெல்லும் பொருள் ஒன்றுண்டு என்பதனையும் புலவர் கண்டனர். பரிசில் பெறாது மீள்வோர் கொடாதவனைப் பழியார், தாம் புறப்பட்ட பொழுதினையும் புள்ளினையுமே பழிப்பர் என்று 204-ஆம் பாட்டில் கழைதின் யானையார் வல்வில் ஓரியிடம் கூறினார். 124-ஆம் பாட்டிலோ கபிலர் ஒருபடி மேற்சென்று, நாள் நன்றன்றாயினும், புள் இடையே தடுப்பினும், மலையமான் திருமுடிக்காரியைப் பாடிச் சென்றோர் வறிதே மீளார் என்றார். வள்ளலின் அருள்முன் புள்ளின் தடை நில்லாது என்பது இதன் பொருள். மோரியப் பேரரசனாகிய அசோகன், கி.மு. 3-ஆம் நூற்றாண்டிற் பொறித்த 9-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில், நோயினும் திருமணத்தினும் பயணத்தினும் மக்கள் செய்யும் பலவகை மங்கலச் சடங்குகள் சிறுபயனே தருவன, அறவொழுக்கமே பெரும்பயன் தரும் மங்கலமாம் என்றான். ஒருவர் கொடையினையும் மற்றொருவர் அறத்தினையும் நிமித்தத்திற்கும் சடங்கிற்கும் மேலாக வைத்தனர். அக்கொடையும் அறமும் தோன்றுதற்கு நிலைக்களனாகிய திருவருளை மேலாக வைத்தவர் சைவப்பெருமக்கள்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் தலையாய சான்றாகும். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பினை ஏற்று, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்கு எழுந்தருளத் துணிந்தார். உடனிருந்த திருநாவுக்கரசர், சமணர் தமக்கு இழைத்த தீங்குகளை எண்ணி, கோள்களும் நல்லனவாய் இல்லை, இப்பொழுது செல்லுதல் தகாது என்று தடுத்தார். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கோளினைக் கூறித் தடுத்தவர் பேதையர் அல்லர், நீற்றறையினும் கடலினும் அஞ்சாத நாவரசர். தமக்கு அஞ்சாத அவர் பிள்ளையார்பொருட்டு அஞ்சினார். அவ்வச்சம் அன்பின் வடிவமே. அதற்கு விடையாகப் பிள்ளையார் அருளியது கோளறு திருப்பதிகம்.

அப்பதிகத்தின் கருத்தினை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்பது கோள்களும் இல்லை என்று பிள்ளையார் கூறினாரல்லர். பயணத்திற்கு ஆகாவென்று விலக்கப்பட்ட நாண்மீன்களையும், புலி, யானை, பன்றி, நாகம், கரடி முதலிய விலங்குகளையும், நோய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். உரைத்து, இறைவன் அம்மையோடும் தம் உள்ளத்தே புகுந்தமையின் அவையனைத்தும் அடியார்க்கு நல்லனவேயாம் என்று அறுதியிட்டார். பகையாவனவற்றை அழித்தல் வேண்டும் என்பதன்று, அவை நட்பாகித் திரிபெய்தும் என்பதே அவர் கண்ட உண்மை. கோள்களுள் ஒன்றாகிய திங்கள் அப்பெருமான் முடிமேல் உள்ளது. பாம்பு அவன் அணியாய் உள்ளது. ஒன்றையொன்று விழுங்குவதாகக் கூறப்படும் திங்களும் பாம்பும் பகைநீங்கி உடனுறையும் இடம் அவன் சடை. அவனை நெஞ்சிற் கொண்டார்க்குக் கோள் பகையாதல் எங்ஙனம்?

சித்தாந்த நூற்கொள்கையும் இதற்கு அரணாவது. வினை அறிவற்றது, தானே சென்று செய்தவனை அடைந்து பயனூட்டமாட்டாது. அதனை உயிர்க்குக் கூட்டுவிப்பவன் முதல்வனே. உயிர்கள் இருவினையால் இறத்தலும் பிறத்தலும் அவனது ஆணையான் நிகழும் என்பது சிவஞானபோதத்தின் 2-ஆம் சூத்திரத்தாற் பெறப்படும். வினையே தானே இயங்கமாட்டாதெனின், வினையின் வரவை அறிவிக்கும் புள் தனித்து ஆற்றலுடையதாதல் யாண்டையது? நிமித்தம் உண்டாயினும் அது ஆணைவழி நிற்பது. ஆணையுடையானை விடுத்து ஏவலாளனுக்கு அஞ்சுதல் அறிவுடைமை அன்று.

அற்றேல், கண்ணப்பர் நிமித்தங் கண்டது என்னை எனின், கூறுதும். பெரியபுராணம் சேக்கிழாரால் கி.பி. 12-ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்டது. அதனுள், 6-ஆம் நாள் வேட்டை முடித்துக் காளத்திமலைக்கு விரைந்து மீளும் திண்ணனார் வழியிலே புட்கள் கூடித் தீநிமித்தம் செய்யக் காண்கின்றார். அவை குருதியைக் காட்டுவன என்று வேடர்மரபில் வந்த அவர்க்கு விளங்குகின்றது. பிறிதொருவராயின், தமக்கோ தம் சுற்றத்திற்கோ யாது தீங்கென்று நின்றிருப்பர்; மலையேறாது மீண்டிருத்தலுங் கூடும். திண்ணனார் உள்ளத்திலோ, எம்பெருமானுக்கு என்ன நேர்ந்ததோ என்னும் ஒன்றே எழுந்தது. தீநிமித்தம் அவர் செலவைத் தடுத்திலது, விரைவித்தது. பிறவா யாக்கைப் பெரியோனுக்கு ஊறு உண்டாமோ என்னும் ஆராய்ச்சி அவர்பால் இல்லை. அன்பு ஆராய்ச்சியைக் கடந்து நின்றது. நிமித்தம் மெய்யாயிற்று, குருதி பாய்ந்தது. பாய்ந்த குருதியைக் கண்டு கண்ணிடந்து அப்பியவர் கண்ணப்பர். கோளறு பதிகம் நிமித்தத்தின் அச்சத்தை அருளால் மாற்றியது. கண்ணப்பர் அதனை அன்பிற்குத் தொண்டாக்கினார்.

விரிச்சி என்னும் பழைய வழக்கமும் சைவத்துட் புகுந்து தூய்மை பெற்றது. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். அவர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, திருவெண்காட்டுத் திருப்பதிகத்துள் முக்குள நீராடுவார் பெறும் பேற்றினைக் கூறும் திருப்பாட்டு எழுந்தது. களப்பாளர் அதனையே அருள்வாக்காகக் கொண்டு, திருவெண்காடு சென்று முக்குளத்தும் நீராடி வழிபட்டார். பிறந்த மகவிற்குச் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டனர். அம்மகவே பின்னர் மெய்கண்டார் என்னுந் திருப்பெயரோடு சிவஞானபோதம் அருளிற்று. அன்று கயிறு சாத்திய சகலாகம பண்டிதரே அவர்க்கு மாணாக்கராய் அருணந்தி சிவாசாரியார் ஆயினர். முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் ஆயர்மகள் வாயிற் கேட்டதனை, சைவமரபினர் ஆளுடைய பிள்ளையார் திருவாக்கிற் கேட்டனர். யாதானும் ஒரு சொல்லைத் தேடிய செவி, அருட்சொல்லையே தேடக் கற்றது.

இவ்வரலாற்றை உணராது நிமித்தத்தை அச்சத்தளவிலே கொண்டமையால் விளைந்த தீமை ஒன்றுளது. புள்ளையும் பூனையையும் சகுனமாகக் கொண்டவர், மக்களையே சகுனமாகக் கொள்ளத் துணிந்தனர். கணவனை இழந்த மகளிர் எதிர்ப்படுதல் தீநிமித்தம் என்று, மங்கல வினைகளினின்றும் அவர்களை ஒதுக்கினர். பெற்ற மகளின் திருமணத்தில் தாயே ஒளிந்து நிற்கும் நிலை பல இல்லங்களில் நேர்ந்தது; இன்றும் அது முற்றும் ஒழிந்திலது. தீங்கு யாதுஞ் செய்யாத உயிரை, அது பட்ட துயர் காரணமாகவே தீங்கென்று கூறுதல் எவ்வறத்தின்பாற்படும்? திருவாமூர்த் திலகவதியாரை நினைத்தல் வேண்டும். தமக்கென்று உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையார் போரில் மாய்ந்தமை கேட்டு உயிர்விடத் துணிந்து, தம்பியார்பொருட்டு உயிர்தாங்கி இருந்த தவச்செல்வியார் அவர். சூலைநோயால் வருந்தி வந்த மருணீக்கியார் முதற்கண் எதிர்ப்பட்டு வணங்கியது அவ்வம்மையாரையே. அவர் கையால் திருநீறு பெற்றே திருவதிகை வீரட்டானத்துட் புகுந்து நாவுக்கரசராயினார். அவ்வெதிர்ப்பாட்டினும் சிறந்த நன்னிமித்தம் சைவ வரலாற்றில் யாது? திலகவதியாரைத் தொழும் வாயால் கைம்மை மகளிரைத் தீச்சகுனம் என்று கூறுதல் அடாது.

ஆதலின், நிமித்தம் பற்றிச் சைவநன்மக்கள் கொள்ளற்பாலது இதுவே. இயற்கையின் குறிப்புக்களை நோக்கி மழையும் காற்றும் அறிதல் அறிவு; அதனை இகழ வேண்டுவதில்லை. ஒரு குறிப்புக் கண்டவழித் தன்னலம் கருதி நடுங்காது, அன்புடையார் நலத்தை நினைந்து விரைதல் கண்ணப்பர் காட்டிய நெறி. எக்குறிப்பாயினும் அருளின் ஆணைக்கு உட்பட்டதென்று தெளிந்து மேற்கொண்ட நற்செயலைக் கைவிடாமை ஆளுடைய பிள்ளையார் காட்டிய நெறி. எவ்வுயிரையும் தீநிமித்தம் என்று வெறுத்து ஒதுக்குதல் இவ்விரு நெறிக்கும் புறம்பானது.

மயிலை என்பது உமையம்மையார் மயிலுருவிற் சிவபெருமானைப் பூசித்த பதி. இறைவியே புள்வடிவு கொண்டு தொழுத ஊரின் அருகே, ஆனிரைகள் மேய்ந்த வெளியின் பெயர் இன்றும் வழங்குகின்றது. பங்குனிப் பெருவிழாவின் 8-ஆம் நாள் அறுபத்துமூவர் எழுந்தருளும்பொழுது, புட்குறி கண்டு விரைந்த கண்ணப்பரும், கோளினுக்கு அஞ்சாது சென்ற சம்பந்தரும், அவர்பொருட்டு அஞ்சிய நாவரசரும் ஒரு வீதியிலே உடன்செல்கின்றனர். அத்திருக்கூட்டம் எதிர்ப்படுதலே அடியார்க்கு நன்னிமித்தம்.

திருச்சிற்றம்பலம்.